கையும் களவுமாக ஒரு குளவி

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு சாணைச் சக்கரம், ஒரு நுண்ணோக்கி, ஒரு தண்ணீர்க் குழாய், சாய்ந்தால் முனகும் ஒரு நாற்காலி. பாலீஷ் அக்காவுக்கு ஒன்பது வருஷமாக அங்கேதான் உத்தியோகம். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பாலீஷ் அக்காதான். ஒருமுறை வாசலில் விரல் ரேகை பதியும் கருவி ஒன்றை மாட்டினார்கள். அது அவளை மட்டும் ஏற்றுக்கொள்ளவே இல்லை. முப்பது வருஷம் கண்ணாடியும் கல்லும் தேய்த்ததில் அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டிருந்தன. "அக்கா, இந்த மிஷின் உங்கள மனுஷங்கள்ல சேர்க்க மாட்டேங்குது," என்று காவலாளி நோட்டை நீட்டுவார். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள்.

அவள் தேய்ப்பது அம்பர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஏதோ காட்டில் ஏதோ மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்குள் புதைந்து, இறுகிக் கல்லாய்ப் போனது. தேன் நிறத்தில் இருக்கும். வடியும்போது அகப்பட்ட பூச்சிகள் இறக்கை மடங்காமல், மீசை முறியாமல் உள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கரடுமுரடான கட்டிதான். ஒரு பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றினால் ஜன்னல் திறந்த மாதிரி உள்ளே தெரியும். அந்த ஜன்னலைத் திறப்பதுதான் அவள் வேலை. மயிரிழை அதிகம் தேய்த்துவிட்டால், நாலு கோடி வருஷம் தப்பிப் பிழைத்த ஒரு கால் தேய்ப்புச் சேற்றோடு கரைந்து குழாய்த் தொட்டிக்குள் போய்விடும். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படித் தொலைத்தது ஒரே ஒரு கொசுவின் காலைத்தான். அதையும் இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அவளுக்கு வேலை கொடுப்பவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பூச்சி பார்க்கிற டாக்டர். ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அவருடைய படிப்பு, பிழைப்பு, பேச்சு எல்லாம். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு கல்லை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னார்.

"அதோட பின்பக்கம் ஊசி மாதிரி நீட்டிட்டிருக்கே, அது என்னன்னு தெரியுதா?"

"கொடுக்குங்களா?"

"முட்டை வைக்கிற குழாய். உயிரோட இருக்கிற புழுவோட முதுகுல இத இறக்கி உள்ள முட்டை வச்சிடும். குஞ்சு உள்ளயே பொரிச்சு, உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும். உயிர் நிக்கிற இடத்த மட்டும் கடைசி வரைக்கும் தொடாது."

"அந்தப் புழுவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அது பாட்டுக்கு இலை தின்னுட்டு இருக்கும்."

அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "ஒட்டி உண்ணுறதுக்குத்தானே ஒட்டுண்ணின்னு பேரு? அப்ப நானும் அந்த ஜாதிதான். வாழ்நாள் பூரா ஒட்டித்தான சாப்பிட்டேன்," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அன்றைய சாப்பாடு உள்ளே போனது.

அவர் சொன்னது வெறும் வேடிக்கை இல்லை. இருவரும் ஒரே லென்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். தூரப் பார்வைக் கருவிகளுக்கும் காமிராக்களுக்கும் அங்கே லென்ஸ் செய்தார்கள். அவள் தேய்ப்புப் பகுதி. அவர் ஒட்டுப் பகுதி. இரண்டு லென்ஸ்களை நடுவில் ஒரு தூசு, ஒரு காற்றுக்குமிழ் இல்லாமல் ஒன்றாக ஒட்டுவது அவர் வேலை. ஒட்டு மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒட்டும்போது இரண்டும் நேராக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க, விளிம்பில் ஓர் அடையாளம் கீறிக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் ஒரு புள்ளி வைப்பார்கள். இவர் மூன்று கோடு போடுவார். இரண்டு நேர்க்கோடு, மூன்றாவது சாய்வு. ஒட்டு முடிந்ததும் லென்ஸ் அவள் மேசைக்கு வரும். விளிம்பைத் தேய்த்து அந்தக் கோடுகளை அழிக்க வேண்டியது அவள் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கோடுகளைப் பார்த்ததுதான் அதிகம்.

"எதுக்கு இவ்வளவு ஆழமா கீறுறீங்க? எனக்குல்ல இடுப்பு ஒடியுது," என்று ஒருநாள் போய்ச் சண்டை பிடித்தாள். "நான் ஒட்டுனா ஒட்டுனதே யாருக்கும் தெரியாதும்மா. நீ அழிக்கிற வரைக்குமாவது தெரிஞ்சிட்டுப் போகட்டும்," என்றார் அவர். அந்த வருஷமே கல்யாணம். பிறகு ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், வேறு ஊரில் வேலைக்குப் போனாள். தொழிற்சாலையை மூடினார்கள். அவளுக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. அவர் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் உடைந்த பீங்கான், விரிசல் விட்ட கண்ணாடி என்று ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குளவி வந்தது. அருங்காட்சியகம் வெளியிலிருந்து வாங்கிய அம்பர் கற்களில் அதுவும் ஒன்று. கட்டை விரல் அகலம். உள்ளே ஒரு குளவி, அதன் முட்டைக் குழாய் ஒரு பச்சைப் புழுவின் முதுகில் இறங்கியபடி அப்படியே நின்றிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட குளவி என்று பத்திரிகைகள் எழுதின. டாக்டரம்மா அதைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நுழைவாயிலில் ஆளுயரப் படம் மாட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, பயந்துபோய் முதுகைத் தடவிக்கொண்டு போவார்கள்.

அது மெருகேற்றியே வந்த கல். அதனால் பாலீஷ் அக்காவின் கைக்கு வரவில்லை. ஒருநாள் பூதக்கண்ணாடியில் மட்டும் பார்த்தாள். "யாரோ பெரிய கைகாரன் போட்ட மெருகுங்க. எனக்கே பொறாமையா இருக்கு," என்று வீட்டில் சொன்னாள். "அப்படியா," என்றார் அவர். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். பத்திரிகையில் வந்த படத்தை அவள் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். அவர்தான் ஆணி அடித்துக் கொடுத்தார்.

இந்த வருஷம் வேறொரு ஆய்வுக்கூடத்தில் புதுவிதமான எக்ஸ்ரே இயந்திரம் வந்திருப்பதாகவும், குளவியை அதில் வைத்து உள்ளுறுப்புகள் வரை பார்க்கலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். கல் அந்த இயந்திரத்தின் பிடிக்குள் உட்கார, ஒரு பக்கத்தில் அரை மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். "உங்க கையத் தவிர வேற யார் கையிலயும் கொடுக்க மாட்டேன் அக்கா," என்று பஞ்சு வைத்த டப்பாவை அவளிடம் நீட்டினார். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் சக்கரத்தைச் சுழல விட்டாள்.

முதலில் மாறியது வாசனை. அம்பரைத் தேய்த்தால் பழைய மரத்தை அறுத்த மாதிரி ஒரு பிசின் மணம் வரும். அவள் புடவையிலும் அந்த மணம்தான். ஐந்து நிமிஷம் போனபின் அந்த மணத்துக்கு நடுவில் வேறொன்று மெலிதாக எழுந்தது. மருந்து மாதிரி, தித்திப்பான ஒரு நெடி. சக்கரத்தை நிறுத்திக் குனிந்து முகர்ந்தாள். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பக்கத்து அறையிலிருந்து வந்த நெடி. லென்ஸ் ஒட்டுகிற பசை.

கல்லைக் கழுவித் துடைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். தேய்த்த பக்கத்தில், நீளவாக்கில், தலைமுடியில் பாதி கனத்துக்கு ஒரு கோடு ஓடியது. விரிசலாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அலமாரியிலிருந்த ஊதா விளக்கை எடுத்தாள். அந்த வெளிச்சத்தில் நல்ல அம்பர் நீலமாக ஒளிரும். கல் நீலமாகத்தான் ஒளிர்ந்தது, மேல் பாதியும் கீழ்ப் பாதியும். நடுவில் அந்தக் கோடும், குளவியைச் சுற்றி ஒரு பட்டாணி அளவு இடமும் மட்டும் செத்துப்போன மாதிரி மங்கிக் கிடந்தன. யாரோ கல்லை இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, குளவியையும் புழுவையும் வைத்து, பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள்.

ஆறு வருஷம். ஆளுயரப் படம். நாற்பது பக்கம். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்து அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி ஓரத்தில், மெருகுக்கு அடியில் பாதி மறைந்து, கோட்டைக் குறுக்கே வெட்டி மூன்று கீறல்கள். இரண்டு நேர். மூன்றாவது சாய்வு.

கண்ணை எடுத்தாள், துடைத்தாள், திரும்ப வைத்தாள். கீறல்கள் அங்கேயேதான் இருந்தன. தன் கையெழுத்தைக்கூட அவள் மறந்துபோகலாம். அந்த மூன்று கோடுகளை மறக்க முடியாது.

டாக்டரம்மா கூட்டத்தில் இருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார். அரை மில்லிமீட்டரில் இன்னும் கால்வாசி பாக்கி இருந்தது. அதையும் தேய்த்தால் கீறல்கள் போய்விடும். போலி என்று மட்டும் தெரியும், யார் செய்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குக் கொடுத்த வேலையும் அதுதான். செய்து முடித்தால் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. சக்கரத்தைப் போட்டாள். தண்ணீரைத் திறந்தாள். கல்லைப் பிடித்த கை, சக்கரத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. சக்கரத்தை நிறுத்தி, தண்ணீரை மூடினாள்.

டாக்டரம்மா வந்ததும் விளக்கைப் பிடித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு தடவை விளக்கப் போடுங்க."

போட்டாள். ஆறேழு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு முனகும் நாற்காலியில் உட்கார்ந்தார். அது முனகியது. "இப்ப இருக்கிற குளவிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையேன்னு நானே எழுதியிருக்கேன் அக்கா," என்றார். "நாலு கோடி வருஷத்துல மாறவே இல்லைன்னு ஆச்சரியப்பட்டு மூணு பக்கம் எழுதியிருக்கேன்."

டாக்டரம்மா மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

"ஓரத்துல என்னவோ கீறல் இருக்கே. என்ன அது?"

"ஒட்டுனவர் போட்ட அடையாளம்."

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நாளைக்குச் சொல்றேன்மா," என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

வீட்டில் கணவர் சமையல் மேடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முன்னறைச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி வந்து வெங்காயத் தோலுக்கு நடுவில் வைத்தாள்.

"இத நீங்களா ஒட்டுனீங்க?"

அவர் படத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். மறுத்துப் பேசுவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறுத்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு தோன்றியது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"மூணு கோடு."

"மெருகுல போயிருக்கும்னு நினைச்சேன்," என்றார் மெதுவாக. "ஒரு ஓரத்துல நின்னுடுச்சு போல."

அந்த வியாபாரிதான் கல்லைக் கொண்டுவந்தாராம். மேசை மேல் வைக்கிற அழகுப் பொருள் என்றாராம். ஒட்டினது எந்தக் கண்ணுக்கும் தெரியக்கூடாது, உன்னால் முடியுமா என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விதான். இரண்டு மாசம் உட்கார்ந்திருக்கிறார்.

"குளவி எங்கேர்ந்து வந்துச்சு?"

"நம்ம பால்கனி பல்புல. மழைக்கு வந்து விழுந்து கிடந்துச்சு."

"புழு?"

அவர் வெங்காயத் தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார். அவள் திரும்பக் கேட்டாள்.

"காலிஃபிளவர்ல இருந்துச்சு. நீதான் கழுவும்போது எடுத்து, வெளிய போட்டுட்டு வாங்கன்னு என் கையில கொடுத்த."

அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. தன் கையால் எடுத்துக் கொடுத்த புழு. அந்தப் புழுவின் எதிரில்தான் ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் வாயைப் பிளந்து நின்றார்கள். அவளும்தான் நின்றாள்.

"மியூசியத்துக்குப் போனது எப்பத் தெரியும்?"

"நீ பேப்பர் கொண்டுவந்து காட்டுனியே, அன்னைக்கு."

"ஆறு வருஷம். நான் தினமும் இதத் துடைக்கிறேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் இதக் காட்டிக் கதை சொல்றேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டிட்டு இருந்தீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அந்த மெருகப் பத்திப் பேசுன பாரு, பெரிய கைகாரன்னு. அதுக்கப்புறம் வாய் வரல."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோபமும் வரவில்லை. யாரோ முன்பின் தெரியாதவர் வந்து தன் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரிக்கிற மாதிரி இருந்தது. "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன். நீங்களும் வர்றீங்க," என்றாள். அவர் மறுக்கவில்லை. காலையில் பார்த்தால், சட்டையைத் தானே தேய்த்து வைத்திருந்தார்.

இயக்குநர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலை போய்விடும் என்று முடிவு கட்டிக்கொண்டு அவள் தன் தம்ளரையும் கைத்துண்டையும் முன்கூட்டியே பையில் போட்டு வைத்திருந்தாள். ஒட்டு மாஸ்டர் எப்படி அறுத்தார், எதைக் கொண்டு குடைந்தார், புழுவைச் சுருங்காமல் எதில் ஊற வைத்தார், குமிழை எப்படி வெளியேற்றினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஐந்து பேர் அதிர்ந்துபோய்க் கேட்டார்கள். டாக்டரம்மா மட்டும் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் ஓரிடத்தில் ஒட்டு மாஸ்டரின் குரல் உற்சாகமாகிவிட்டது. பக்கத்திலிருந்த அவளுக்கு உடம்பு கூசியது. கடைசியில் அவர், "இது ஒண்ணு மட்டும் இல்லைங்க. இன்னும் நாலு இருக்கு," என்றபோது அவளும் மற்றவர்களோடு சேர்ந்துதான் திடுக்கிட்டாள்.

அந்த நாலில் இரண்டு அதே கட்டடத்தில் இருந்தன. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. வியாபாரியின் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், ஒட்டு மாஸ்டரை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள், வியாபாரி கிடைத்தால் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆளுயரப் படத்தைக் கழற்றினார்கள். டாக்டரம்மா தன் நாற்பது பக்கமும் தவறு என்று கட்டுரை வெளிவந்த ஆராய்ச்சி இதழுக்கே ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். கண்டுபிடித்தது யார் என்று அதில் பாலீஷ் அக்காவின் முழுப்பெயரைப் போட்டிருந்தார். அவளுக்கு அதைப் பார்க்கப் பெருமையாகவும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. வேலை போகவில்லை. மாறாக, இருக்கிற எல்லாக் கற்களையும் ஊதா விளக்கில் பார்த்துச் சோதிக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. கொஞ்ச நாளைக்கு எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒட்டுத்தான் தெரிந்தது. கண்ணாடித் தம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சாப்பாடு ஆச்சா, கரண்ட் வந்துச்சா என்பதோடு சரி. மகள் ஃபோனில், "அப்பா மேல இன்னும் கோபமாம்மா?" என்று கேட்டாள். "கோபம் இல்லடி. இன்னும் என்னென்ன ஒட்டி வச்சிருக்காரோன்னு பயமா இருக்கு," என்றாள். சமையலறையில் அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

நாலு மாசம் கழித்து, போலிக் குளவியை ஒட்டின இடத்தில் பிரித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. மூன்று நாள் கரைப்பானில் ஊற வைத்து இரண்டு பாதியையும் பிரித்தாள். கீழ்ப் பாதியைக் கழுவும்போது குடைந்த குழிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. தூசு என்று துடைத்தாள், போகவில்லை. நுண்ணோக்கியில் வைத்தாள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி. இறக்கை என்று பெயருக்கு இரண்டு குச்சி, சுற்றிலும் மெல்லிய மயிர்கள். ஊதா விளக்கில் பார்த்தாள். ஒரே நீலம். நம்பாமல் மூன்று முறை பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"இது நிஜம்," என்றார் அவர். "மத்த பூச்சியோட முட்டைக்குள்ள முட்டை வைக்கிற ஜாதி. எல்லாரும் அந்தப் பெருசையே பார்த்துட்டு இருந்திருக்கோம்."

"புதுசுங்களா?"

"இல்ல அக்கா. நம்மகிட்ட இதே மாதிரி ஒன்பது இருக்கு. இது பத்தாவது." டப்பா மேல் எண் எழுதி உள்ளே வைத்தார்.

அன்று சாயங்காலம், பல நாளுக்குப் பிறகு, அவளாகவே பேச்செடுத்தாள். "நீங்க குடைஞ்ச கல்லுல ஏற்கனவே ஒரு நிஜக் குளவி இருந்திருக்கு. குழிக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி."

அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். இயக்குநர் அறையில் வெளுக்காத முகம், போலீஸ் கூப்பிட்டபோதும் வெளுக்காத முகம்.

"அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அகலமா எடுக்கலாம்னு இருந்தேன்," என்றார். "மத்தியானம் பசிச்சுது, நிறுத்திட்டேன். இல்லேன்னா பொடியாப் போயிருக்கும். நான் பார்க்கவே இல்லையே. ரெண்டு மாசம் அதே கல்ல கையில வச்சிருந்தேன், பார்க்கவே இல்லையே."

நடுங்குகிற கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத நான் ஒரு தடவை பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

"அது ஷோகேஸ்ல இல்ல. டப்பாவுக்குள்ள இருக்கு. டாக்டரம்மாகிட்ட எழுதித்தான் கேக்கணும்."

அவர் எழுதினார். அரைப் பக்கக் கடிதம், நாலு முறை கிழித்துப் போட்டு எழுதியது. அதில் என்ன இருக்கிறது என்று அவள் படிக்கவில்லை. மறுநாள் தன் பையில் வைத்து எடுத்துப் போய்க் கொடுத்தாள். பதினோரு நாள் டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள், "புதன்கிழமை மத்தியானம் வரச் சொல்லுங்க," என்றார்.

புதன்கிழமை அவர் வந்தார். காவலாளியின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடித்தளத்துக்கு இறங்கினார். பாலீஷ் அக்கா கல்லை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, தெளிவு சரிபார்த்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். கல்லைத் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.